புள்ளிகளான பண்ணைகள்: பிரிட்டனின் கோமாரியும் கணினி மாதிரிகளும்

2020இல் ஊரடங்கு வந்தபோதுதான் ‘ஆர் மதிப்பு’ என்ற பேச்சு நம் தொலைக்காட்சி விவாதங்களுக்குள் நுழைந்தது. ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றைக் கொடுக்கிறார் என்ற அந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு கடைகளை அடைப்பதா திறப்பதா என்று அரசுகள் முடிவெடுத்ததைப் பார்த்துப் பலர் வியந்தார்கள், சிலர் எரிச்சலடைந்தார்கள். ஆனால் தொற்று பரவிக்கொண்டிருக்கும்போதே அதன் தரவுகளைக் கணினி மாதிரிக்குள் செலுத்தி, அதன் விடையை ஏற்று ஓர் அரசு தன் அன்றாட நடவடிக்கைகளை மாற்றிக்கொண்டது அதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது. நாடு பிரிட்டன், நோய் மனிதர்களுடையது அல்ல, மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் பன்றிகளுக்கும் வரும் கோமாரி. 2020இல் தன் அறிக்கையால் புகழையும் வசவையும் ஒருங்கே சம்பாதித்த லண்டன் இம்பீரியல் கல்லூரியின் நீல் ஃபெர்குசன், 2001 கோமாரிக் கணக்கிலும் முன்னணியில் இருந்தவர்.

நான் தொழில்முறையில் நிரல் எழுதுபவன். நோயியல் படித்தவன் அல்லன். கொரோனா காலத்து மாதிரிகளைப் பற்றிய சண்டைகளைப் படித்துச் சலித்துப்போய், முடிவு தெரிந்துவிட்ட ஒரு பழைய கொள்ளைநோயை எடுத்துக்கொண்டு, மாதிரிகள் அதில் எதைச் சரியாகச் சொல்லின, எதைச் சொல்ல முடியாமல் போயின என்று பார்க்க விரும்பினேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘எவ்வளவு சீக்கிரம்’ என்ற கேள்விக்கு அந்த மாதிரிகள் உறுதியான பதிலைச் சொல்லின. ‘எவற்றையெல்லாம்’ என்ற கேள்விக்கு அவற்றின் பதில் தளர்வானது. அரசு இரண்டையும் ஒரே அளவு உறுதியுடன் எடுத்துக்கொண்டு செயல்பட்டது என்பதே 2001இன் கதை.

கோமாரி நமக்குப் புதிதல்ல. வாயிலும் குளம்புகளுக்கு நடுவிலும் கொப்புளம் கண்டு, எச்சில் நூலாக ஒழுக, தீனி எடுக்காமல், காலை ஊன்ற முடியாமல் நிற்கும் மாட்டைக் கிராமத்தில் வளர்ந்த யாரும் பார்த்திருப்பார்கள். கன்றுகள் சாகும், பெரிய மாடுகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், ஆனால் கறவை பழைய நிலைக்குத் திரும்பாது. நாம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடுப்பூசி முகாம் நடத்துகிறோம். பிரிட்டன் போன்ற நாடுகளின் வழி வேறு. தடுப்பூசியே போடாமல் நோயற்ற நாடு என்ற தகுதியைக் காப்பாற்றிக்கொண்டால்தான் இறைச்சி ஏற்றுமதிக்குத் தடை வராது என்பதால், நோய் எட்டிப் பார்த்தாலே அந்தப் பண்ணையின் கால்நடைகள் அனைத்தையும் கொன்று அழித்துவிடுவது அவர்களின் நெடுநாள் கொள்கை. பிழைக்கக்கூடிய விலங்கை ஏன் கொல்கிறார்கள் என்று நமக்குத் தோன்றுவது இயல்பே. அந்தக் கேள்வி 2001இல் அங்கேயும் உரக்கவே கேட்கப்பட்டது.

பிப்ரவரி 19 அன்று எசெக்ஸ் மாவட்டத்தின் ஓர் இறைச்சிக்கூடத்தில் பன்றிகளிடம் அறிகுறிகள் தென்பட்டு, மறுநாள் கோமாரி என்று உறுதியானது. தடம் பின்னோக்கிப் போனபோது, வடக்கே நார்தம்பர்லாந்தில் ஹெடன்-ஆன்-த-வால் என்ற ஊரின் பன்றிப் பண்ணையில் போய் நின்றது. சரியாக வேகவைக்காத எச்சில் தீனி வழியே வைரஸ் அங்கு நுழைந்திருக்கலாம் என்பதே விசாரணைகள் ஏற்றுக்கொண்ட விளக்கம். வைரஸ் வகை பான்ஏசியா ஓ. அந்த வகை முதலில் அடையாளம் காணப்பட்டது வட இந்தியாவில், 1990இல். பன்றிப் பண்ணையிலிருந்து காற்றில் பக்கத்துச் செம்மறிகளுக்குப் போய், அந்தச் செம்மறிகள் ஹெக்ஸம் சந்தைக்கும் அங்கிருந்து லாங்டவுன் சந்தைக்கும் போய், வியாபாரிகளின் லாரிகளில் நாடெங்கும் சிதறின. செம்மறியிடம் கோமாரி அறிகுறி மிக லேசானது. சற்று நொண்டும், அவ்வளவுதான். அதனால் யாருக்கும் தெரியவில்லை. முதல் பண்ணை உறுதியாவதற்கு முன்பே குறைந்தது 57 பண்ணைகளுக்கு நோய் போய்ச் சேர்ந்திருந்தது என்று பின்னர் தணிக்கை அறிக்கை கணக்கிட்டது. பிப்ரவரி 23 அன்று கால்நடைகளை இடம் மாற்றத் தடை வந்தபோது, தடுக்க வேண்டியதில் பெரும்பகுதி நடந்து முடிந்திருந்தது.

மார்ச் முழுவதும் நிலைமை கைமீறிக்கொண்டே போனது. கால்நடை மருத்துவர்கள் போதவில்லை. நோய் உறுதியான பண்ணையில்கூட விலங்குகளைக் கொல்ல நாட்கள் ஆயின. கொன்ற உடல்கள் தொழுவத்து முற்றத்திலேயே கிடந்தன. வேளாண்மை அமைச்சகம் நிலைமை கட்டுக்குள் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்த அதே வாரங்களில் மூன்று மாதிரிக் குழுக்கள் தனித்தனியே தரவுகளை வாங்கிக் கணக்குப் போட்டன. ஒன்று ராய் ஆண்டர்சன், கிறிஸ்டல் டானலி, ஃபெர்குசன் ஆகியோரின் இம்பீரியல் குழு. இரண்டாவது, மாட் கீலிங், பிரையன் கிரென்ஃபெல், எடின்பரோவின் மார்க் உல்ஹவுஸ் ஆகியோர் சேர்ந்த குழு. மூன்றாவது, நியூசிலாந்தின் மாஸி பல்கலைக்கழகத்தில் ரோஜர் மாரிஸ் உருவாக்கிய இன்டர்ஸ்பிரெட் என்ற மென்பொருளை அரசுக் கால்நடை ஆய்வகத்தில் ஓட்டிய குழு. தலைமை அறிவியல் ஆலோசகர் டேவிட் கிங் மூன்றையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தார்.

இந்த மாதிரிகளின் மூதாதை 1927இல் கெர்மாக்கும் மெக்கெண்ட்ரிக்கும் எழுதிய சமன்பாடுகள். மக்களை, நோய் வரக்கூடியவர்கள், நோய் கொடுப்பவர்கள், விலகியவர்கள் என்று மூன்று கூட்டங்களாகப் பிரித்து, ஒரு கூட்டத்திலிருந்து அடுத்ததற்கு எந்த வேகத்தில் ஆட்கள் நகர்கிறார்கள் என்று கணிப்பது அந்த முறை. 2001இல் செய்த முக்கியமான மாற்றம், தனி விலங்கை விட்டுவிட்டுப் பண்ணையையே ஓர் அலகாகக் கொண்டதுதான். ஒரு தொழுவத்துக்குள் கோமாரி புகுந்தால் அதற்குள் பரவுவது நொடிப்பொழுதுபோல நடந்துவிடும். ஆகவே கேட்க வேண்டியது பண்ணைக்குப் பண்ணை எப்படித் தாவுகிறது என்பதை மட்டுமே.

கீலிங் குழுவின் மாதிரி இவற்றில் எளிதாகப் புரிந்துகொள்ளக்கூடியது. வேளாண் கணக்கெடுப்பிலிருந்து நாட்டின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைப் பண்ணைகளின் இடமும், ஒவ்வொன்றிலும் உள்ள மாடுகள், செம்மறிகளின் எண்ணிக்கையும் கணினிக்குள் செல்கின்றன. ஒவ்வொரு நாளும், நோயில்லாத ஒவ்வொரு பண்ணைக்கும், நோயுள்ள ஒவ்வொரு பண்ணையிலிருந்தும் எவ்வளவு ஆபத்து வருகிறது என்று கூட்டப்படுகிறது. அந்த ஆபத்து மூன்று காரணிகளின் பெருக்கல்: வாங்கும் பண்ணையின் எளிதில் தொற்றும் தன்மை, கொடுக்கும் பண்ணையின் தொற்றுத் திறன், இரண்டுக்கும் இடையேயான தூரம் கூடக் கூடக் குறையும் ஒரு வளைகோடு. மொத்த ஆபத்தை நிகழ்தகவாக மாற்றி, கணினி பகடை உருட்டுகிறது. விழுந்தால் அந்தப் பண்ணைக்கு இன்று நோய். மறுநாள் மீண்டும் முதலிலிருந்து.

இதன் சிறு வடிவத்தைப் பைத்தானில் எழுதுவது கடினமில்லை. சதுரப் பரப்பில் சில ஆயிரம் கற்பனைப் பண்ணைகளைத் தூவி நானும் எழுதிப் பார்த்தேன். முதலில் உறைத்தது தற்செயலின் பங்கு. எல்லா எண்களும் ஒன்றாக இருக்க, பகடையின் தொடக்க எண்ணை மட்டும் மாற்றி ஓட்டினால், ஓர் ஓட்டத்தில் நான்கைந்து பண்ணைகளோடு நோய் அணைந்துபோகிறது. அடுத்ததில் திரையின் பாதி சிவந்துவிடுகிறது. ஆகவே ஒரே ஓர் ஓட்டத்தைக் காட்டி ‘மாதிரி இப்படிச் சொல்கிறது’ என்பவரை நம்பக் கூடாது. ஆயிரக்கணக்கான ஓட்டங்களின் பரவல்தான் மாதிரியின் பதில். இரண்டாவது, தூர வளைகோட்டின் வால், அதாவது நீண்ட தூரங்களைக் குறிக்கும் அதன் கடைசிப் பகுதி. வால் குட்டையாக இருந்தால் நோய் ஓர் அலையைப் போல ஓரத்தில் மட்டும் முன்னேறுகிறது. முன்னாலிருக்கும் பண்ணைகளை வளையமாகக் காலிசெய்தால், அதாவது அவற்றின் கால்நடைகளைக் கொன்றுவிட்டால், நின்றுவிடுகிறது. வாலைச் சற்று நீட்டினாலோ, வளையத்தைத் தாண்டித் தொலைவில் புதுப்புள்ளிகள் முளைக்கின்றன. வளையம் போட்டுப் பயனில்லை. வளைகோட்டின் நடுப்பகுதி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அரிதாக நிகழும் நீண்ட தாவல்களைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம் என்பதே கொள்கையைத் தீர்மானிக்கிறது.

மூன்றாவது எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. நோய் தெரிந்த பண்ணையைக் காலிசெய்ய ஆகும் தாமதத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால், சிவப்பு சட்டென்று சுருங்குகிறது. தாமதம் நீளும்போது அண்டைப் பண்ணைகளையும் சேர்த்து அழிப்பதால் கிடைக்கும் பலன் பெரிதாகத் தெரிகிறது. தாமதம் ஒரு நாளுக்குள் வந்துவிட்டால் அந்தக் கூடுதல் பலன் சிறுத்துப்போகிறது. என் பொம்மை மாதிரி பிரிட்டனைப் பற்றி எதையும் நிரூபிக்காது. ஆனால் இரண்டு நடவடிக்கைகளும் ஒன்றின் பலனை மற்றொன்று விழுங்கக்கூடியவை என்பதை அதுவே காட்டிவிடுகிறது.

சரி, உண்மையான வளைகோடு எங்கிருந்து வந்தது? கால்நடை மருத்துவர்கள் ஒவ்வொரு நோய்ப் பண்ணைக்கும் சென்று, தீவன லாரி, பால் வண்டி, ஆள் நடமாட்டம், பொது வேலி என்று விசாரித்து, எந்தப் பண்ணையிலிருந்து வந்திருக்கலாம் என்று எழுதிய தடமறிதல் குறிப்புகளிலிருந்து. இடமாற்றத் தடைக்குப் பிறகு பெரும்பாலான தொற்றுகள் 3 கிலோமீட்டருக்குள் நடந்தன என்று அவை காட்டின. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. உறுதியான தடயம் கிடைக்காதபோது, களைத்துப்போன மருத்துவர் அருகிலிருக்கும் நோய்ப் பண்ணையையே மூலம் என்று எழுதுவது இயற்கை. அப்படி எழுதப்பட்ட குறிப்புகளிலிருந்து வரைந்த வளைகோடு, நோய் அருகிலேதான் தாவும் என்று சொல்வதில் வியப்பில்லை. மாதிரியின் விடையில் ஒரு பங்கு அதன் உள்ளீட்டிலேயே ஒளிந்திருக்கக்கூடும்.

மார்ச் கடைசி வாரத்தில் குழுக்கள் சொன்னது ஏறத்தாழ ஒரே செய்தி. இடமாற்றத் தடையால் ஆர் மதிப்பு குறைந்திருக்கிறது, ஆனால் 1க்குக் கீழே வரவில்லை; இப்போதைய வேகத்தில் போனால் நோய் அடங்காது; நோய்ப் பண்ணைகளை 24 மணி நேரத்துக்குள்ளும், அவற்றை ஒட்டிய பண்ணைகளை 48 மணி நேரத்துக்குள்ளும் காலிசெய்ய வேண்டும். ‘24/48’ என்ற பெயரில் அதுவே கொள்கையானது. ராணுவம் இறங்கியது. மே 3 அன்று நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தல் ஜூன் 7க்குத் தள்ளிவைக்கப்பட்டு, பொதுத்தேர்தலும் அன்றே நடந்தது. கம்ப்ரியாவில் கிரேட் ஆர்டன் என்ற பழைய விமானத்தளத்தில் குழிகள் தோண்டி லட்சக்கணக்கான உடல்களைப் புதைத்தார்கள்.

மாதிரிக்குள் ஒரு பண்ணை என்பது வரைபடத்தில் ஒரே ஒரு புள்ளி. கணக்கெடுப்புத் தரவில் ஒரு பண்ணைக்கு ஓர் இடக்குறியீடுதான் இருந்தது. அதன் எல்லைகள் எங்கே போகின்றன, எட்டு மைல் தள்ளி அதே விவசாயிக்கு இன்னொரு மேய்ச்சல் துண்டு இருக்கிறதா, இரண்டு பண்ணைகளுக்கு நடுவே ஆறு ஓடுகிறதா, சாலை இருக்கிறதா, பக்கத்து வயலில் அன்று மாடு கட்டியிருந்தார்களா, எல்லாம் கொட்டகைக்குள் இருந்தனவா என்பவை அதில் இல்லை. புள்ளிகளுக்கு இடையேயான தூரம் என்ற ஒன்றே இவை எல்லாவற்றுக்கும் பதிலாக நின்றது. நாடு முழுவதற்குமான சராசரியைக் கணிக்க அது போதும்; பல நூறு பண்ணைகளில் இந்தப் பிழைகள் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளும். ஆனால் சராசரிக்காக வந்த விதி தரையில் இறங்கும்போது ஒரு குறிப்பிட்ட விவசாயியின் கதவைத் தட்டுகிறது. எல்லையைத் தொட்டால் அழிப்பு என்று ஆணை சொன்னது. அந்தத் தொடுதல் எந்த வகையானது என்று பார்த்துச் சொல்லும் உள்ளூர் மருத்துவரின் தீர்ப்புக்கு முதல் வாரங்களில் இடமே இல்லாமல்போனது. வேலியில்லாத கம்ப்ரிய மலைச்சரிவுகளில் தலைமுறை தலைமுறையாகத் தாய் காட்டிக்கொடுத்த எல்லைக்குள்ளேயே மேயப் பழகிய ஹெர்ட்விக் செம்மறிகள் உண்டு. அந்த மந்தையை அழித்துவிட்டு வேறு ஆடுகளை வாங்கி விட்டால் அவற்றுக்கு எல்லை தெரியாது. மாதிரியில் அதுவும் ஓர் எண்ணிக்கைதான்.

ஏப்ரல் இறுதியில் டெவன் மாவட்டத்தில், அண்டைப் பண்ணை என்பதற்காக அழிக்கப்பட்ட ஒரு பண்ணையில், செத்துக்கிடந்த மாடுகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கன்று சில நாட்கள் கழித்து உயிரோடு கண்டெடுக்கப்பட்டது. பத்திரிகைகள் அதற்கு ஃபீனிக்ஸ் என்று பெயரிட்டன. அதே நாட்களில் அண்டைப் பண்ணை விதி தளர்த்தப்பட்டு, அங்குள்ள மாடுகளைச் சூழ்நிலை பார்த்து விட்டுவைக்கலாம் என்றானது. ஆயிரக்கணக்கான ஓட்டங்களின் சராசரியை ஒரு கன்றின் படம் தோற்கடித்துவிட்டது என்று சில அறிவியலாளர்கள் நொந்துகொண்டதாகத் தெரிகிறது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அப்போது தொற்று இறங்குமுகத்தில் இருந்தது. விதியைத் தளர்த்தப் படம் சாக்காக அமைந்தது, அவ்வளவே.

கடைசி நோய்ப் பண்ணை செப்டம்பர் 30 அன்று பதிவானது. மொத்தம் 2,026 பண்ணைகளில் நோய் என்று அறிவிக்கப்பட்டது. கால்நடைகள் அழிக்கப்பட்டதோ 10,000க்கும் மேற்பட்ட பண்ணைகளில். தீவனமும் நகர்வும் இல்லாமல் தவித்ததால் கொல்லப்பட்டவற்றையும் சேர்த்தால் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள். அரசுக்கு ஏறத்தாழ 300 கோடி பவுண்டும், சுற்றுலா உள்ளிட்ட தனியார் துறைக்கு ஏறத்தாழ 500 கோடி பவுண்டும் இழப்பு.

மாதிரி வென்றதா? மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்த புதிய நோய்ப் பண்ணைகள் ஏப்ரலில் இறங்கத் தொடங்கின. வளைகோடு மாதிரிகள் வரைந்த கோட்டை ஒட்டியே போனது. மாதிரியாளர்கள் இதைச் சான்றாகக் காட்டினார்கள். எதிர்த்தரப்பில் நின்ற கால்நடை நோயியலாளர்கள் சிலர் நாட்காட்டியைச் சுட்டிக்காட்டினார்கள். ஒரு பண்ணையில் தொற்று நுழைவதற்கும் அது கண்டுபிடிக்கப்படுவதற்கும் இடையே பல நாட்கள் இருப்பதால், அறிக்கைகள் உச்சம் தொடுவதற்கு முன்பே தொற்றுகள் உச்சம் தொட்டிருக்க வேண்டும். அண்டைப் பண்ணை அழிப்பு முழுவீச்சில் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே இறக்கம் தொடங்கிவிட்டது என்பது அவர்களின் வாதம். அதே வாரத்தில்தான் நோய்ப் பண்ணைகளைக் காலிசெய்யும் வேகமும் கூடியது, விவசாயிகள் வாசலில் கிருமிநாசினி வைத்துக் கெடுபிடியாகவும் ஆனார்கள். மூன்றும் ஒன்றாக நடந்த இடத்தில் எதன் பலன் எவ்வளவு என்று தரவு தனியாகப் பிரித்துக் கொடுக்காது. அழிப்பு இல்லாமல் இன்னொரு 2001ஐ ஓட்டிப் பார்க்க மாதிரியால் மட்டுமே முடியும். அதன் அனுமானங்கள்தானே கேள்விக்குள்ளாகியிருக்கின்றன என்று எதிர்த்தரப்பு சொன்னால் அதற்கு மறுப்பும் இல்லை. நெதர்லாந்து அதே ஆண்டு தன் 26 நோய்ப் பண்ணைகளைச் சுற்றித் தடுப்பூசி போட்டு நோயை அடக்கியது. பிறகு ஏற்றுமதித் தகுதிக்காக, ஊசி போட்ட விலங்குகளையும் கொன்றது. ஒப்பிடுவதற்கு அதுவும் சரிவரவில்லை.

என் பார்வையில் இந்த வழக்கில் கனமான சாட்சி பத்தாண்டு கழித்து வந்தது, அதுவும் மாதிரியிலிருந்து அல்ல, தொழுவத்திலிருந்து. நோய் அறிகுறி தெரிவதற்கு முன்பே ஒரு மாடு தொற்றைக் கொடுக்கத் தொடங்குகிறது என்ற எண்ணமே அண்டைப் பண்ணைகளை முன்கூட்டியே அழிப்பதற்கான நியாயத்தின் அடித்தளம். தொண்டையிலும் இரத்தத்திலும் வைரஸ் முன்பே தென்படுவதைக் கொண்டு அப்படிக் கருதினார்கள். பிர்பிரைட் ஆய்வுக்கூடத்தில் பிரயன் சார்ல்ஸ்டனும் எடின்பரோவின் உல்ஹவுஸும் இன்னும் சிலரும் நேரடியாகவே சோதித்தார்கள்: தொற்று ஏற்றப்பட்ட கன்றுகளோடு, நோயின் வெவ்வேறு நாட்களில், நலமான கன்றுகளைச் சில மணி நேரம் மட்டும் விட்டுப் பிரித்து, எந்த நாளில் நோய் தாவுகிறது என்று பார்த்தார்கள். 2011இல் வெளிவந்த முடிவு இது: மாடு தொற்றைக் கொடுக்கும் காலம் சராசரியாக 1.7 நாட்கள் மட்டுமே. அதுவும் அறிகுறி தெரிந்து ஏறத்தாழ அரை நாள் கழித்துத்தான் தொடங்குகிறது. அதாவது, கொப்புளத்தைக் கண்டவுடன் கைவைத்தால், மாடு அதுவரை யாருக்கும் கொடுத்திருக்காது. 2001 குழுவில் மாதிரி எழுதிய உல்ஹவுஸே இந்த ஆய்விலும் இருந்தார் என்பதைக் குறிப்பிட வேண்டும். தன் பழைய கணக்கின் அடித்தளத்தைத் தானே தோண்டிப் பார்ப்பவர்கள் எல்லாத் துறையிலும் அரிது. செம்மறிக்கு இது அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் மாட்டுப் பண்ணைகளைப் பொறுத்தவரை, வேகம்தான் மருந்து என்ற பாதி பதில் இன்னும் வலுவடைந்தது. அண்டையைக் கூட்டி அழி என்ற பாதி ஆட்டம் கண்டது.

வளைகோட்டுச் சிக்கலுக்கும் ஒரு வழி பிறந்தது. 2007 ஆகஸ்டில் சர்ரே மாவட்டத்தில், பிர்பிரைட் ஆய்வு வளாகத்தின் கழிவுநீர்க் குழாய் வழியே கசிந்த வைரஸால், கோமாரி மீண்டும் வந்தது. அந்த முறை எட்டுப் பண்ணைகளோடு முடிந்தது. ஒவ்வொரு பண்ணையிலும் எடுத்த வைரஸின் முழு மரபணுத் தொடரையும் நோய் பரவிக்கொண்டிருந்த நாட்களிலேயே படித்தார்கள். பண்ணைக்குப் பண்ணை தாவும்போது வைரஸில் சேரும் சிற்சில எழுத்துப் பிழைகளை வரிசைப்படுத்தினால், யாரிடமிருந்து யாருக்கு என்பது மருத்துவரின் ஊகத்தை நம்பாமலே தெரிந்துவிடும். ஆகஸ்டு மாதத்துப் பண்ணைகளுக்கும் செப்டம்பரில் முளைத்தவற்றுக்கும் இடையே பிழைகளின் எண்ணிக்கை ஒரே தாவலுக்கு மிக அதிகமாக இருந்தது. நடுவில் கண்ணுக்குத் தப்பிய ஒரு பண்ணையாவது இருக்க வேண்டும் என்று அந்தக் கணக்கு சொன்னது. இரத்தப் பரிசோதனையில் அந்தப் பண்ணை அகப்பட்டது. அதன் மாடுகளின் வாய்ப்புண்கள் அதற்குள் ஆறத் தொடங்கியிருந்தன.